வேண்டாம் என்று வளர்ந்த கிடங்கு

ஜப்பானின் கோஷு பள்ளத்தாக்கில் ஹொசாகா குடும்பத்தின் மதுக்கிடங்கு முதன்முதலாக இரண்டு பாய் அகலம் வளர்ந்தது பட்டு நூல் விலை ஏறிய ஆண்டில். ஊரே திராட்சைக் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பட்டுப்புழுவுக்காக மல்பெரி நட்டுக்கொண்டிருந்த சமயம் அது. நிலத்துக்காரர் வந்து ஹொசாகா வீட்டுத் தலைவர் தோகுஜியின் வாசலில் உட்கார்ந்து, நீயும் கொடியைப் பிடுங்கு என்றார். அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் யாருக்கும் நேராக மறுப்புச் சொல்வதில்லை. யோசிக்கிறேன் என்பார்கள், பிடரியைச் சொறிவார்கள், பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுப்பார்கள். கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். தோகுஜிக்கு அன்று பார்த்துக் கடைவாய்ப் பல்வலி, மூச்சை இழுத்தால் உயிர் போகும். ஆகவே வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் கிடங்கின் வடக்குச் சுவர் நிலத்துக்காரரின் வரப்பைத் தாண்டிப் போய் நின்றிருந்தது. மண்சுவர், உத்திரம், ஓடு எல்லாம் பழையதோடு ஒட்டுத் தெரியாமல் இருந்தன, புது ஓட்டின் மேல் பாசிகூடப் படர்ந்திருந்தது. சுவரை இடி என்றார் நிலத்துக்காரர். தோகுஜி மறுபடியும் வேண்டாம் என்றார், கிடங்கு இன்னும் அரைப் பாய் வளர்ந்தது. அதற்குப் பிறகு நிலத்துக்காரர் எதையும் கேட்கவில்லை.

இதன் நெளிவுசுளிவுகளைக் குடும்பம் போகப்போகத் தெரிந்துகொண்டது. யோசிக்கிறேன் என்பதற்குக் கிடங்கு அசையாது. தேவையில்லாத பொருளை விற்க வந்தவனிடம் வேண்டாம் என்றாலும் அசையாது. சொல்பவருக்கு ஏதாவது ஒரு நஷ்டம் இருக்கவேண்டும். யார் சொன்னால் என்ன என்கிற பேதம் மட்டும் அதற்குக் கிடையாது. தோகுஜியின் முதல் சில வருஷத்து மது சுத்தப் புளிக்காடி. அக்கம்பக்கத்தார் கிடங்குக்குள் வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, சிநேகம் கெட்டாலும் பரவாயில்லை, இது வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டபோதெல்லாம் கிடங்கு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. வாடிக்கை இல்லாமலேயே வளர்ந்த வியாபாரம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். பட்டு விலை படுத்த வருஷத்தில் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருந்தவர் தோகுஜி ஒருவர்தான். அதற்குள் மதுவும் தேறிவிட்டிருந்தது.

தோகுஜியின் மகன் கன்பெய்க்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் தோமே. ஷிமிஸு துறைமுகத்தில் மீன் ஏலம் போடும் வீட்டில் ஆறாவது பெண். அந்தப் பெயருக்கு ‘நிறுத்து’ என்று அர்த்தம். நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே வேண்டுதல்தான். பிறந்த அன்றே வேண்டாம் என்று சொல்லப்பட்டவளுக்கு அந்தச் சொல்லைக் கண்டு என்ன பயம் இருக்கப்போகிறது? யுத்தகாலத்தில் கன்பெய் தெற்குத் தீவுகளுக்குப் போயிருந்தபோது கப்பற்படை அதிகாரி ஒருவர் வந்தார். திராட்சை மதுவில் சுண்ணாம்பைக் கலந்தால் அடியில் ஒரு உப்புப் படியும், அந்த உப்பிலிருந்து கடலுக்கடியில் எதிரிக் கப்பலைக் கேட்கும் காது செய்யலாம், மிஞ்சும் மது குடிக்க உதவாது என்று விளக்கினார். தோமே எல்லாப் பீப்பாயையும் கொடுத்தாள். ஒன்றை மட்டும், மகன் ஷூஇச்சி பிறந்த வருஷம் அவன் கல்யாணத்துக்கென்று கன்பெய் மூடிவைத்த பீப்பாயை மட்டும், தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் சிப்பாய்கள் வந்தபோது கிடங்குக்குள் கிடங்கும் அதற்குள் இன்னொரு கிடங்கும் முளைத்திருந்தன. மாலை வரை தேடி, ஒருவரையொருவர் தொலைத்து, பசியோடு வெளியே வந்தார்கள். பீப்பாய் அங்கேயேதான் இருந்தது. கன்பெய்தான் திரும்பவில்லை. அவர் எலும்பு இருக்கவேண்டிய, வெள்ளைத் துணியில் சுற்றிய பெட்டி ஒன்று வந்தது, அதற்குள் ஒரு கூழாங்கல் இருந்தது.

யுத்தம் முடிந்த பிறகு தோமே பீர் காய்ச்ச ஆசைப்பட்டாள். உட்கார்ந்து பேசுகிறவனுக்குத் திராட்சை மது, வெயிலில் நிற்கிறவனுக்குப் பீர், நம் ஊரில் உட்கார்ந்திருக்கிறவன் எத்தனை பேர் என்பது அவள் கணக்கு. வரி அலுவலகத்தில் சட்டத்தைக் காட்டினார்கள். ஒரு வருஷத்தில் ஒரு ஏரி அளவு காய்ச்சுகிறவனுக்குத்தான் பீர் லைசென்ஸ். பெரிய கம்பெனிகள் நாலைந்துக்கென்றே தைத்த சட்டை அது. அவ்வளவு பெரிய இடம் உங்களிடம் இருந்தால் பார்க்கலாம் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். தோமே ஊருக்கு வந்து, எனக்கு ஆசை காட்ட ஏதாவது கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டாள். ஊர் உற்சாகமாகக் கொண்டுவந்தது. நல்ல விலைக்கு நிலம், கூட்டுறவுச் சங்கத்தில் தலைமை, கோயிலில் முதல் மரியாதை. அவள் ஒவ்வொன்றையும் மறுத்தாள், கிடங்கு ஒரு சாண், இரண்டு சாண் நகர்ந்தது. அந்த வேகத்தில் போனால் லைசென்ஸ் அவள் எள்ளுப்பேரனுக்குத்தான் கிடைத்திருக்கும்.

பீப்பாய் செய்ய வந்துபோகும் கென்ஸோ என்றொருவர் இருந்தார். மனைவி இல்லாதவர், பேச்சும் அதிகம் இல்லாதவர். தோமே கிடங்கில் நிற்கிற நாளில் மட்டும் பீப்பாய்ப் பலகையை இரண்டு தடவை இழைப்பார். ஊருக்கே தெரியும், ஊர் பேசவில்லை. கோபேயில் சொந்தப் பட்டறை அமைந்ததும் அவர் வந்து, “தோமே, இதெல்லாம் போதும். பையனையும் கூட்டிக்கிட்டு என்கூட வந்துடு” என்றார். அவள் வாழ்க்கையில் வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. போயிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேண்டாம் என்று அழுதுகொண்டே சொன்னாள். அவர் உளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார். மறுநாள் கிடங்கின் தெற்குப் பக்கம் ஓடைக்கரை வரை போயிருந்தது. அளக்க வந்த அதிகாரியின் நாடா பாதியிலேயே தீர்ந்துபோனது. லைசென்ஸ் தபாலில் வந்தது. அந்த வருஷம் காய்ச்சிய முதல் பீரைத் தோமே குடிக்கவில்லை.

மகன் ஷூஇச்சி தோக்கியோவில் படித்துத் திரும்பிக் கம்பெனித் தலைவரானான். தங்கமான பிள்ளை. கல் தடுக்கினால் கல்லிடம் மன்னிப்புக் கேட்பான். முடிதிருத்துகிறவர் காதில் வெட்டியபோது நன்றி சொல்லிக் காசு கொடுத்துவிட்டு வந்தவன். அவன் தலைமையில் கிடங்கு ஒரு விரற்கடைகூட வளரவில்லை. அப்போதுதான் பெரிய பீர் கம்பெனி ஒன்றின் ஆளாக நிஷிவாகி வந்தார். ஹொசாகா பெயர்ப்பலகையை எடுத்துவிட்டு எங்கள் பலகையை மாட்டுகிறோம், பீப்பாய்களுக்குப் பதில் எஃகுத் தொட்டி வைக்கிறோம், நீங்கள் மேலாளராக இருங்கள் என்று தேன் தடவிப் பேசினார். ஷூஇச்சி தலை குனிந்து, “கெக்கோ” என்றான். வேண்டாம், எனக்கு இருப்பதே போதும் என்பதற்கும் அந்தச் சொல்தான், பேஷ், அப்படியே செய்யலாம் என்பதற்கும் அதே சொல்தான். குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நிஷிவாகி தனக்குத் தோதான குரலைக் கேட்டுக்கொண்டு தோக்கியோ போய், ஒப்பந்தத்தை அச்சடிக்கச் சொல்லிவிட்டார்.

கிடங்குக்கும் அந்தச் சொல் விளங்கவில்லை. தெற்கே கொஞ்சம் வளர்ந்தது, வடக்கே கொஞ்சம் சுருங்கியது. கதவு நிலை கோணிக்கொண்டது, பீருக்கு நுரை வராமல் போனது. தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்த தோமே ஓடிவந்து, என்னடா சொன்னாய் என்று கேட்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்றான்.

“வேண்டாம்னு சொன்னியா, வேண்டாம்னு நெனச்சியா?”

தோமே கொடி கட்டும் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினாள். கோபேக்காரரைப் பற்றி அவள் மகனிடம் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. “இந்தத் தெக்குப் பக்கம் முழுசும் நான் ஒரு ஆள அனுப்பிட்டு வாங்கினதுடா. அத நீ மரியாதைக்குப் பயந்து வித்துட்டு நிக்காத.”

பலகை மாட்டும் நாளில் நிஷிவாகி கறுப்புக் காரில் வந்தார், பின்னால் லாரியில் எஃகுத் தொட்டிகள். ஊர் திராட்சைக் கத்தரிக்கோலோடு சாலையோரம் நின்றது. தோமே முன்னால் போய் விற்க மாட்டோம் என்றாள். கிடங்கு அவளுக்காக ஒரு பாய் நகர்ந்தது. நிஷிவாகி பதறவில்லை. “உங்க வார்த்த சட்டப்படி செல்லாதும்மா. தலைவர் நீங்க இல்ல, உங்க மகன். அவர் என்கிட்ட கெக்கோன்னாரு. கெக்கோன்னா நல்லதுன்னுதானே அர்த்தம்? ஊர்ல யார வேணா கேளுங்க.” அது பொய் இல்லை என்று ஊருக்கே தெரியும். காரின் முகப்பில் ஒப்பந்தத்தை விரித்து, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரையைக் கொண்டுவரச் சொன்னார். ஷூஇச்சி வந்தான். இடுப்பு வளையக் குனிந்தான். முடிந்தது கதை என்று ஊர் நினைத்தது. குனிந்தபடியே, மண்ணைப் பார்த்து ஏதோ சொன்னான். என்ன என்று நிஷிவாகி கேட்டார். ஷூஇச்சி நிமிர்ந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“வேண்டாம். விக்க மாட்டேன். இன்னிக்கும் மாட்டேன், என்னிக்கும் மாட்டேன்.”

முப்பது வருஷமாகச் சேர்ந்துபோயிருந்த மறுப்பு அது. கிடங்கு இந்தத் தடவை சாண், பாய்க் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. ஓடுகள் கலகலவென்று சாலைக்கு மேல் ஏறிவந்தன, தரை அடியில் ஓடிவந்தது, சுவர் பின்னால் வந்து மூடிக்கொண்டது. காரும் ஒப்பந்தமும் லாரியும் நிஷிவாகியும் பீப்பாய்களுக்கு நடுவில் நின்றார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஷூஇச்சி காரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

வந்தவரைச் சும்மா அனுப்புகிற வழக்கம் ஹொசாகா வீட்டில் கிடையாது. கல்யாணப் பீப்பாயைத் தோமே அன்று திறந்தாள், கல்யாணத்தைவிட இது பெரிய விசேஷம் என்று. ஊர் வழக்கப்படி தேநீர்க் கோப்பையில் ஊற்றி நிஷிவாகி கையில் கொடுத்தாள். மரியாதைக்குக் குடித்தார். மறுபடி சாய்த்தபோது உள்ளங்கையால் கோப்பையை மறைத்து, கெக்கோ என்றார். தோமே கையை விலக்கி விளிம்பு வரை ஊற்றினாள். “நல்லதுன்னுதானே அர்த்தம்? நீங்கதானே ஊர்முன்னால சொல்லிக் குடுத்தீங்க.” குடித்தார். கெக்கோ என்றார், ஊற்றினாள். இன்னும் பரிதாபமாக, இன்னும் பணிவாக கெக்கோ என்றார். இன்னும் பணிவாக ஊற்றினாள். ஊர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. காது வரை சிவந்துபோன நிஷிவாகி கடைசியில் கோப்பையைக் கவிழ்த்துவைத்து, வாழ்க்கையில் ஒருதரம்கூட யாரிடமும் சொல்லியிராத அந்தச் சொல்லைச் சொன்னார்.

“வேண்டாம்.”

கிழக்குச் சுவர் ஒரு பாய் அளவு நகர்ந்தது. தோமே எழுந்து நின்று, தலை தாழ்த்தி அவருக்கு நன்றி சொன்னாள்.

நகராட்சி மறு வருஷம் சாலையைக் கிடங்கைச் சுற்றி வளைத்துப் போட்டது. எஃகுத் தொட்டிகளில் இப்போது மழைத்தண்ணீர் பிடிக்கிறார்கள், காரின் பின் இருக்கையில் பூனை குட்டி போடுகிறது. கிழக்குச் சுவரோரம் இருக்கும் அந்த ஒரு பாய் இடத்துக்கு நிஷிவாகி என்றே பெயர். அங்கே புளிக்கும் பீர் மற்றதைவிடக் கொஞ்சம் கசக்கும், ஆனால் வருஷா வருஷம் அதுதான் முதலில் விற்றுத் தீர்கிறது.