பாமா பாடிய எட்டு நிமிடம்

செட்டாப் பாக்ஸை மாற்ற டிஷ் கம்பெனி ஆள் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பழைய மாடலாம், இனி ஓடாதாம், புதியதை இலவசமாகவே தருவார்களாம். யாருக்கு வேண்டும் இவர்கள் இலவசம்? அந்தப் பழைய பெட்டிக்குள்தான் என் மனைவி பாமாவின் பாட்டு இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு தமிழ் சேனல் நிகழ்ச்சியில் எட்டு நிமிடம் பாடினாள். அந்தச் சேனலையே இப்போது மூடிவிட்டார்கள். போன வருடம் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். கரகரத்த பேச்சு மிஞ்சியது, பாட்டு போய்விட்டது. அதன்பிறகு அந்தப் பதிவைப் போட அவள் விட்டதில்லை. அந்தக் குரல் இல்லாமல் இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை.

பதிவை பென் டிரைவில் எடுக்க முடியாது. அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும்படி பூட்டியிருக்கிறார்கள். பெட்டியிலிருந்து டிவிடி ரெக்கார்டருக்கு வயர் கொடுத்து, ஓட ஓடத்தான் டிஸ்க்கில் பிடிக்க வேண்டும். பாமாவின் தம்பி ராம்கி, ஊரின் மறுகோடி ஹிஞ்சேவாடியில் ஐ.டி. ஆசாமி, லீவு போட்டு, யாரிடமோ ரெக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு விமான் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"ஓட ஆரம்பிச்சப்புறம் ரிமோட்டைத் தொடாதேங்கோ, அத்திம்பேர்."

நான் என்ன சின்னக் குழந்தையா? பாமா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டாமென்று முன்கூட்டியே சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, ரிமோட்டைத் தள்ளி வைத்தேன். நிகழ்ச்சி முக்கால் மணி நேரம் ஊமையாக ஓடி முடிந்தது.

கம்பெனி ஆள் அரை மணி முன்னதாகவே வந்து நின்றான். வேலை முடிந்தது, எடுத்துக்கொள் என்றேன். அவன் போனில் ஏதோ தட்டிப் பழைய இணைப்பை ரத்து செய்தான். ராம்கி டிஸ்க்கை டிவியில் ஓட்டிப் பார்த்தான். பாமாவின் உதடுகள் அசைந்தன. டிவியின் சத்தத்தைக் கூட்டினான். ஒன்றும் வரவில்லை.

"எந்த ரிமோட்ல சத்தத்தைக் குறைச்சேள்?"

பெட்டியின் ரிமோட்டைக் காட்டினேன். அவன் முகம் செத்துவிட்டது. டிவியில் குறைத்திருக்க வேண்டும். பெட்டியில் குறைத்தால் டிஸ்க்குக்கும் சத்தம் போகாது. அவளுக்குக் கேட்கக்கூடாதென்று நினைத்து யாருக்குமே கேட்காமல் செய்துவிட்டேன்.

கம்பெனி ஆளிடம் ரத்தை ரத்து செய்யச் சொன்னேன். முடியாது, பத்து நிமிடத்துக்குள் பெட்டி நின்றுவிடும் என்றான். என்னிடமிருந்த அரைகுறை மராத்தியில் அவனையும் கம்பெனியையும் கத்தித் திட்டினேன். திட்டுகிற நேரத்தில் பாட்டை ஓட விடலாமே என்றான் அவன், பொறுமையாக.

ராம்கி புது டிஸ்க்கைப் போட்டுப் பாட்டுக்குத் தாவினான். பெட்டியில் சத்தம் முழுக்க, டிவியில் பூஜ்யம். ஒரு நிமிடம் போனது. இரண்டு. படம் லேசாகத் துடித்தாலும் பெட்டியின் விளக்கைப் பார்த்தேன்.

படுக்கையறைக் கதவு திறந்தது. என் கத்தல் கேட்டு எழுந்திருக்கிறாள். டிவியில் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்த தன்னையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு சோபாவிலிருந்த டிவி ரிமோட்டை எடுத்தாள்.

"வேண்டாம், பாமா."

அழுத்தினாள். கூடம் முழுக்க அவள் குரல். கம்பெனி ஆள் வயர் சுற்றுவதை நிறுத்தினான். பாமா கையைக் கட்டிக்கொண்டு, யாரோ பாடுவதற்கு மார்க் போடுகிறவளைப் போல நின்று கேட்டாள். ஆறாவது நிமிடம் தாண்டியதும் திரை நீலமானது. பெட்டியின் விளக்கு அணைந்தது.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் முட்டாள்தனத்தில் இரண்டு நிமிடம் போய்விட்டது.

"கடைசில சுருதி விலகித்தான் பாடினேன்," என்றாள், கரகரத்த குரலில். "அது போனா போறது."

வெளியாள் நிற்கிறான் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. ராம்கியின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"எடுத்த வரைக்கும் இருக்கோல்லியோ? முதல்லேர்ந்து போடுடா."