நெக்கார் கரைப் பலகை

என் வீட்டை விற்கச் சொல்லி வந்தவனை நான் வாசலில் நிறுத்திவைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் கொடுத்தேன். சண்டை பிடிக்கப் போகிறவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கக் கூடாதென்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை.

பெயர் ஸ்ரீகாந்த். சென்னைப் பிள்ளை, வீடு விற்கும் ஏஜென்ட். சிட்னியின் பரமட்டா ஆற்றங்கரையில் நிற்கும் எங்கள் எட்டு வீட்டுச் செங்கல் கட்டடத்தை முழுதாக இடித்துக் கட்டக் கேட்கிற கம்பனிக்கு வாங்கிக் கொடுப்பது அவன் வேலை. எட்டில் ஆறு வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் போதுமாம். மற்ற இரண்டு பேரும் அழுதாலும் புரண்டாலும் பெட்டியைக் கட்டத்தான் வேண்டுமாம்.

"ஆன்ட்டி, ஏரியா பத்தி நான் எழுதினதைக் கொஞ்சம் கேளுங்களேன்," என்று ஒரு வழுவழுப்பான தாளை எடுத்து வாசித்தான். அமைதியான ஆற்றங்கரை. நிழல் மரங்கள். பறவைகள். காலையில் ஓடுகிறவர்கள், மாலையில் நாயோடு நடக்கிறவர்கள். ஆற்றில் நஞ்சு கலந்திருக்கிறது, பிடிக்கிற மீனைத் தின்னக் கூடாது என்பதை மட்டும் விட்டுவிட்டான். மீனைப் பார்க்கலாம், தின்னக் கூடாது என்றால் அது என்ன ஆறு என்று மன்னார்க்காரி நான் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அது என் ஆறுதான்.

கேட்கக் கேட்க எனக்கு உச்சியில் சுள்ளென்று ஏறியது. இதே கட்டுரையை நான் ஏற்கெனவே ஒருமுறை வாசித்திருக்கிறேன், ஜெர்மன் மொழியில்.

நானும் என் மனுசன் எறிக்கும் மன்னாரிலிருந்து அகதியாகப் போய் இறங்கியது ஜெர்மனியின் ஸ்ருட்காட் நகரத்தில். நெக்கார் ஆற்றங்கரையில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். அந்த ஊரில் 'கேர்வோக்க' என்று ஒரு முறை உண்டு. கட்டடத்துப் படிகளை ஒவ்வொரு கிழமையும், வாரத்துக்கு ஒருவராக, ஒவ்வொரு வீட்டுக்காரர் கூட்டித் துடைக்க வேண்டும். யாருடைய முறையோ அவர் கதவில் அந்தப் பெயர் எழுதிய ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். நான் துடைத்த படியை மேல்வீட்டு ஜெர்மன்காரி விரலால் தடவிப் பார்ப்பாள். எரிச்சல் வரும். ஆனால் அவள் படியை நானும் தடவித்தான் பார்த்தேன்.

பிறகு கட்டடம் கைமாறியது. திருத்த வேண்டும், வீட்டை விட்டு எழும்புங்கள் என்றார்கள். "வாயைத் திறக்காதை அஞ்சலா, நாங்கள் வந்தான் வரத்தான், இந்த ஊர்க்காரர் இல்லை," என்றார் எறிக். எழும்பினோம். அடுத்த வருடம் ஒரு பத்திரிகையில் அந்தப் பகுதியைப் பற்றி முழுப்பக்கம் வந்தது. எங்கள் வீட்டுப் படமும் போட்டிருந்தார்கள். ஆறு இருந்தது, மரம் இருந்தது, வாத்துக்கூட இருந்தது. அத்தனை வருடம் படி துடைத்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வெளிக்கிட்ட அன்று பலகை எங்கள் கதவில் தொங்கியது. அது என் முறைக் கிழமை. கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். களவென்றால் களவுதான்.

எறிக் இப்போது இல்லை. பலகை இருக்கிறது. ஜெர்மனியை விட்டுச் சிட்னிக்கு வந்து இந்த வீட்டை வாங்கியபோது படிகளில் குப்பை கால் புதையக் கிடந்தது. நான் கூட்டிவிட்டு, மற்றவர்களுக்கும் விளங்கும் என்ற நினைப்பில், மேல்வீட்டுக் கொரியாக்காரி மிஸஸ் கிம்மின் கதவில் பலகையைக் கொழுவினேன். ஜெர்மன் எழுத்து அவளுக்கு எங்கே விளங்கும்? ஏதோ அன்பளிப்பென்று நினைத்துத் தன் சுவரில் மாட்டிவிட்டு ஒரு கிண்ணம் கிம்ச்சி கொண்டுவந்து தந்தாள். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா? மீன் சொதியோடு போய் விசயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் பலகை தனியாகக் கைமாறுவதில்லை, கூடவே ஒரு கிண்ணமும் போகும். எட்டு வீடும் கூட்டுகிறது.

"இந்தத் தாளில நாங்கள் எங்க தம்பி?" என்று ஸ்ரீகாந்தைக் கேட்டேன்.

"இது ஏரியாவைப் பத்தினது ஆன்ட்டி. ஆளுங்களைப் பத்தி இல்ல."

"ஆக்கள் இல்லாட்டி அதுக்குப் பேர் ஏரியா இல்லை, வெறுங்காணி. சனிக்கிழமை கூட்டத்துக்கு வாங்கோ. அங்க பேசுவம்."

சனிக்கிழமை கார் நிறுத்தும் கொட்டகையில் கூடினோம். கட்டடக் கமிட்டித் தலைவர் நித்தியானந்தன், யாழ்ப்பாணத்து எஞ்சினியர், பென்சன் எடுத்தவர். விற்றுவிட்டுக் குவேக்கர்ஸ் ஹில் புறநகரில் மாடி வீடு வாங்குவதாகக் கனவு. "ஆறு பேர் ஓமெண்டாச்சு. இனிச் சும்மா சம்பிரதாயம்தான். விருப்பமில்லாத ஆக்கள் கையை உயர்த்துங்கோ," என்றார்.

நான் உயர்த்தினேன். மிஸஸ் கிம் உயர்த்தினாள். அவ்வளவுதான். இன்னும் ஒரு கை வேண்டும். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அஞ்சலா, ஊரோட ஒத்துப்போ. உனக்கும் நல்லதுதானே," என்றார் நித்தியானந்தன்.

"ஒருக்கா ஒத்துப்போய்த்தான் ஒரு வீட்டை விட்டிட்டு வந்தனான் அண்ணை," என்றேன். "அங்க வாடகை, வாயை மூடிக்கொண்டு எழும்பினன். இது என்ர பேரில இருக்கிற வீடு. நீங்கள் எல்லாரும் போங்கோ. பொலிஸ் வந்து தூக்கட்டும். அதுவரைக்கும் நான் படி கூட்டுவன்."

ஸ்ரீகாந்த் தாள்களை அடுக்கத் தொடங்கினான். அப்போது பின்னாலிருந்து ஒரு கை எழும்பியது. நித்தியானந்தனின் மனைவி கல்யாணி. கூட்டங்களில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவள்.

"கையைக் கீழ போடும்," என்றார் நித்தியானந்தன். "எங்கட வீடு ஓமெண்டு சொல்லியாச்சு."

"நீங்கள் சொன்னியள். வீடு ரெண்டு பேரின்ர பேரிலயும் இருக்கு. நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"உமக்கு என்ன விசரே?"

"ஏழு வருசமா எங்கட முறைக்கு ஆர் கூட்டினது? ஒருநாள் தும்புத்தடியைத் தொட்டிருக்கிறியளே? ஆர் என்ன சமைச்சு அனுப்பினது, ஆரின்ர பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் எனக்கு அந்தப் படியிலதான் தெரியும். உங்களுக்கு அது கட்டடம். எனக்கு அதுதான் ஊர்."

ஸ்ரீகாந்த் விரல் மடித்து எண்ணிப் பார்த்தான். ஐந்துதான் மிச்சம்.

"அடுத்த வருஷம் கம்பனிக்காரங்க திரும்ப வருவாங்க ஆன்ட்டி," என்றான் மெதுவாக.

"வரட்டும். வாறவைக்கும் ஒரு கிழமை முறை தாறன்," என்றேன்.

அடுத்த நாள் என் கதவிலிருந்து பலகையைக் கழற்றி, ஒரு கிண்ணம் இறால் பொரியலோடு நித்தியானந்தன் வீட்டுக்குப் போனேன். கல்யாணிதான் கதவைத் திறந்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பலகையை வாங்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்று உள்ளே திரும்பி மனுசனைக் கூப்பிட்டாள். "இந்தக் கிழமை உங்கட முறை. தும்புத்தடி குசினிக் கதவுக்குப் பின்னால இருக்கு."