வில்லோபோர்ட் மேட்டுக்கு நூற்றெட்டுக் கவடு

இதனால் உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருங்குடிக்கு அறியத் தருவது யாதெனில், 2009 நவம்பர் ஏழாம் நாள் சனிக்கிழமை பிற்பகல், லண்டன் ஈஸ்ட் ஹாம் மண்டபமொன்றில், அமெரிக்காவின் வரலாறு திருத்தி எழுதப்பட்டது. திருத்தியவர், பெற்றோல் ஷெட் மனேஜராக இருந்து ஓய்வுபெற்ற பாலேந்திரா.

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் வில்லோபோர்ட் என்றொரு சிறு நகரம். பக்கத்தில் ஆதிகாலத்து மண்மேடுகள் உண்டு. மகளைப் பார்க்கப் போன இடத்தில் பாலேந்திரா ஒரு மேட்டைச் சுற்றி நடந்து காலால் அளந்தார். நூற்றெட்டுக் கவடு. நூற்றெட்டு! வேறென்ன சாட்சி வேண்டும்? கட்டியவன் சைவத் தமிழன்தான். எட்டு வருடம் குந்தியிருந்து அறுநூறு பக்கம் எழுதினார். மனைவி நான்காவது வருடமே அவரோடு கதைப்பதை விட்டுவிட்டாள்.

இன்று அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு வெள்ளைக்காரனின் ஒப்புதல். அதுவும் வந்துவிட்டது. எழுதியதை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்த வில்லோபோர்ட் மியூசியத்திலிருந்து கடிதம், தடித்த உறையில். மறுப்பை யாராவது தடித்த உறையில் அனுப்புவார்களா? புத்தக வெளியீடென்றால் முதற்பிரதியை மினுங்கும் கடதாசியில் சுற்றி மேடையில் அவிழ்ப்பதுதானே நம் மரபு. கடிதத்தையும் உடைக்காமல் ரிபன் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

வாசலில் மனைவியின் தம்பி சுபாஸ்கரன் மறித்தான். வன்னியிலிருந்து தப்பி லண்டன் வந்து மூன்று வாரம். தாய் இன்னும் அங்கே, முள்வேலி முகாமில்.

“அத்தான், முகாமில கிடக்கிற சனத்தைப் பற்றி ரெண்டு நிமிஷம் கதைக்க விடுங்கோ.”

“தம்பி, இது வரலாற்று விழா. அரசியல் ஏலாது.”

“மண்மேட்டைப் பற்றித்தானே எழுதியிருக்கிறியள்? செல்லடிக்குள்ள மண் அணைக்குப் பின்னால நாலு மாசம் கிடந்தனான், அத்தான். எனக்கும் கொஞ்சம் தெரியும்.”

“அது வேற மண். பின்வரிசையில இரு, வடை வரும்.”

விளக்கேற்றினார்கள். போரில் இறந்தோருக்கான அகவணக்கம் நேரமின்மையால் கைவிடப்பட்டது. பொன்னாடைகள் எட்டு. புத்தகத்தைத் திறந்தே பாராத மூன்று பேர் அதை இமயம் என்றார்கள். பின்வரிசையில் சுபாஸ்கரனுக்கு வடை வந்தது.

கடைசியாகத் தலைவர் பெனடிக்ற் மாஸ்ரர் ரிபனை வெட்டினார். “சபையோரே, அமெரிக்கா பேசுகிறது!” என்று உறையைப் பிரித்தார். மனதுக்குள் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி வாசித்தார்.

“வாசியுங்கோ மாஸ்ரர். பாராட்டு எண்டு கூச்சப்படாதேங்கோ,” என்றார் பாலேந்திரா, எட்டுப் பொன்னாடைக்குள்ளிருந்து.

மாஸ்ரர் பொய் சொல்லிப் பழகாதவர்.

“ஆதிகாலத்து மேடுகள் ஆத்துக்கு அக்கரையில இருக்காம். வேலி போட்டிருக்காம், கிட்டப் போக ஏலாதாம். ஐயா அளந்தது இக்கரை மேடாம். உறைக்குள்ள அரை டசின் வரைபடமும் வைச்சிருக்கினம்.”

இக்கரையில் இருப்பது, 1958இல் மண் போட்டு மூடிய நகரசபைக் குப்பைமேடு.