மூத்தவன் கையில் கொதித்த தண்ணீர்

கண்ணாடி ஆலை வேலைக்கு வெளிநாடு போயிருந்த மூத்தவன் முதல் விடுப்பில் வீடு திரும்பிய அன்று, அவன் கையில் வாங்கிய டம்ளரில் தண்ணீர் கொதித்தது. அப்போது கூடத்தில் இருந்தவர்கள்: லாரி எடைமேடையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, தெருவில் ரேடியோ அத்தை என்று பெயர் எடுத்த அப்பாவின் தங்கை, தான் ஓட்டும் வாடகைக் காரில் விமான நிலையத்திலிருந்து அவனை அழைத்து வந்த மைத்துனன் (மருமகளின் அண்ணன்), தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மருமகள், மூத்தவன். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட அன்று வாசற்படி தாண்டவில்லை. டம்ளர் எவர்சில்வர். முதலில் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் கட்டின, பிறகு ஆவி எழுந்தது, பிறகு தளதளவென்று கொதித்தது. மூத்தவன் ஊதி ஊதிக் குடித்தான். பிரயாண அலுப்பு என்றாள் அம்மா. மைத்துனன் மட்டும், "மாப்ள, கொஞ்சம் டீத்தூள் போட்டா வேலை முடிஞ்சுது" என்றான். அப்பா பார்த்த பார்வையில் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

கல்யாணமான நான்காம் மாதத்தில் மூத்தவன் அந்த ஆலைக்குப் போனான். இந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பிழைப்புக்காகக் கடல் தாண்டியதில்லை. போன பிறகு யாரும் அதைக் குறைவாகப் பேசியதுமில்லை. உருகிய கண்ணாடி விழும் இரும்பு அச்சுகளில், நீளக் கைப்பிடி வைத்த துடைப்பத்தால் கரி கலந்த எண்ணெய் தடவுவது அவன் வேலை. தடவத் தவறினால் பாட்டில் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அதிகம் தடவினால் கறுத்துப் போகும். உலைக்கு முன்னால் நின்று நின்று அவன் சட்டை, வியர்வையில் நனைவதும் காய்வதுமாக உப்புப் பூத்து விறைத்திருக்கும். தங்கும் அறையில் எட்டுப் பேர். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில், எல்லோருக்கும் ஒரே அலமாரி. அறைக்கு ஒரு சட்டம் உண்டு: எவனுக்கு எது வந்தாலும் எட்டாகப் பிரியும். சோப்பு வந்தால் நூல் கட்டி அறுப்பார்கள். தனியாகத் தின்றவன் என்று பெயர் எடுப்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று நினைத்தவர்கள். வளர்ப்பு சரியில்லை என்று அவர்களில் யாரையும் சொல்ல முடியாது.

மாதத்தில் ஒரு விடுமுறை நாளில் அறையில் சிலர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மாடிக்குப் போய்வந்தார்கள். மூத்தவனும் போனான். குடும்ப வரலாற்றில் இதை விட்டுவிட முடியாது, நீட்டவும் வேண்டியதில்லை. கொஞ்ச நாளில் அவனுக்குச் சிறுநீர் போகும்போது எரிந்தது. ஆலை மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் சீட்டு வாங்க வேண்டும். என்ன உபாதை என்று அவர் எல்லார் முன்னாலும் கேட்பார். அந்த மாதிரிச் சீட்டோடு போன ஒருவன் அறைக்குத் திரும்பாமல் நேராக விமானம் ஏற்றப்பட்டிருந்தான். ஆகவே அறையிலேயே வைத்தியம். அறையின் மூத்த ஆளுக்கு டாக்டர் என்று பட்டப்பெயர். ஊரில் சிமெண்ட் கலவை இயந்திரம் ஓட்டியவர். ஒரு பிஸ்கட் டப்பாவில் மாத்திரைகள் வைத்திருந்தார், அதனால் வந்த பெயர். "உலைச் சூடுடா இது" என்றார் அவர். "மேலேர்ந்து கீழ இறங்கும். ஆம்பளைன்னா இறங்கத்தான் செய்யும். இந்தா, ரெண்டு போடு. எரிச்சல் நின்னா மிச்சத்த வை, நாளைக்கு இன்னொருத்தன் கத்துவான்." எரிச்சல் நின்றது. மிச்சத்தை மூத்தவன் டப்பாவில் திருப்பி வைத்தான். அவனுக்கு வேறு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இந்த வீட்டில் அப்பன் மகனிடம் இதைப் பற்றியெல்லாம் பேசுவதில்லை. எந்த வீட்டில் பேசுகிறார்கள்? எரிச்சல் போனது, சூடு மட்டும் உடம்பிலேயே தங்கிவிட்டது.

அந்த முதல் விடுப்பு மாதத்தில் அவன் படுத்த நைலான் பட்டைக் கட்டில் உருகித் தொய்ந்தது. இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டார்கள். அவன் சாய்ந்த சுவரில் நாட்காட்டி சுருண்டுகொண்டது. ஈரச் சட்டையை அப்படியே போட்டுக்கொள்வான். வாசலுக்கு வருவதற்குள் காய்ந்து மடிப்புக் கலையாமல் நிற்கும். மழைக் காலமாதலால் தெருவில் சிலர் ஈரத் துணியோடு வந்து நின்றார்கள். அப்பா யாரையும் உள்ளே விடவில்லை. வங்கி மேலாளர் வீட்டுப் போர்வைக்கு மட்டும் இடம் கொடுத்தார். உழைக்கிறவன் உடம்பு அப்படித்தான் இருக்கும், என் மகன் ஆண்பிள்ளை என்று நாலு பேரிடம் சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். அந்த மாதம் பேசினார்.

மூத்தவன் திரும்பிப் போனபின் சூடு மருமகளிடம் தெரிந்தது. அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். ஊசியில் கோக்கும்போது நூல் கருகியது. வெள்ளைச் சட்டைகளில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பாக விழுந்தது. அடிவயிற்றில் வலி, காய்ச்சல். மூத்தவன் உடம்பில் இருந்தவரை உழைப்பு என்று பெயர் வாங்கிய சூடு, இவள் உடம்புக்கு வந்ததும் கோளாறு என்று பெயர் வாங்கியது. "அவங்கம்மா வீட்லேர்ந்தே கொண்டாந்த சூடா இருக்கும்" என்றார் ரேடியோ அத்தை, தெருவுக்குக் கேட்கும்படி. அம்மா அவளை ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். இது சூடில்லை, தொற்று, கணவரிடமிருந்து வந்தது என்றார் மருத்துவர். நல்ல வேளை சீக்கிரம் வந்தீர்கள், ஒன்றும் கெடவில்லை, குழந்தை பிறக்கத் தடையில்லை. ஆனால் இருவரும் கடைசி மாத்திரைவரை சாப்பிட வேண்டும், ஒருவர் விட்டாலும் திரும்பி வரும் என்றார். மருமகள் தன் பங்கைக் கடைசிவரை சாப்பிட்டாள். கை குளிர்ந்தது. நூல் மறுபடி வெள்ளையாகவே ஊசிக்குள் போனது.

மூத்தவன் பங்கை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஆலைக்கே போகிற ஒருவன் கிடைத்தான். அவன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் என்ன ஆவது என்று அப்பா யோசித்தார். அட்டைகளிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, கழுவிக் காயவைத்த தைலப் புட்டியில் போட்டு, சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார். கௌரவமான ஏற்பாடு என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அப்போது இந்த வீட்டில் தொலைபேசி கூடத்தில்தான் இருந்தது. யார் பேசினாலும் எல்லோரும் கேட்பார்கள்.

"ஏங்க, மாத்திரை வந்துச்சா?" என்று கேட்டாள் மருமகள்.

"வந்துச்சும்மா. ரூமே தெம்பாயிடுச்சு."

"நீங்க முழுசா சாப்பிட்டீங்களா?"

"ஆளுக்கு ரெண்டு வந்துச்சு. டாக்டருக்கு மட்டும் கூட ஒண்ணு, பெரியவராச்சே."

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தை அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினார்.

"அது உங்களுக்குன்னு அனுப்பினதுங்க."

"தனியா தின்னா தொண்டையில இறங்குமா? எட்டு பேரும் உன்னத்தான் வாழ்த்துறாங்க."

"சரிங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

இரண்டாம் விடுப்பில் வந்தவன் கையிலும் தண்ணீர் கொதித்தது. இந்த முறை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருமகள் அவனை அறையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவர் சூடு இல்லை என்றதைச் சொன்னபோது, "அந்தம்மா உலையப் பாத்திருக்காங்களா?" என்று கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். "எனக்கு ஒரு குழந்தை வேணுங்க" என்றாள் அவள். "அதுக்காகவாவது ஒரு தடவை வந்து பாத்துக்குங்க." அதற்கு அவன் மசிந்தான். அப்பாவிடம் போய், ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாமா என்று கேட்டான். "அங்க ஒரு கோப்பையக் கையில கொடுப்பான்" என்றார் அப்பா. "இந்த வீட்டு ஆம்பள எவனும் அத வாங்கினதில்ல. உனக்கு என்னடா குறை? கையில தண்ணி கொதிக்குது." மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டு வந்து, "அடுத்த லீவுல போலாம்மா" என்றான். விடுப்பில் வருகிறவர்களுக்கு முக்கியமான காரியம் எல்லாம் அடுத்த விடுப்பில்தான்.

அவன் போன பிறகு வலி திரும்ப வந்தது. ஒருமுறை போய்வந்ததே தெருவெல்லாம் தெரிந்துவிட்டது என்று இந்த முறை அவளை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை, அவளும் கேட்கவில்லை. பல மாதம் பொறுத்தாள். ஒரு நாள் தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தாள். அவள் கன்னத்துக்கு அடியில் நீலச் சீருடைத் துணி புகைந்தது. அண்ணன்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். பின்னிருக்கை உறையில் அவள் உள்ளங்கை உருகிப் பதிந்தது. பிறகு அந்தக் காரில் எத்தனையோ பேர் ஏறி இறங்கினார்கள். அவன் உறையை மாற்றவேயில்லை. கருக்குழாய் இரண்டும் அடைந்துவிட்டது என்றார் மருத்துவர். தொற்றை ஆற்ற முடியும், அதைத் திறக்க முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே அண்ணன், "போதும், நம்ம வீட்டுக்கு வந்துடு" என்றான். "வந்தேன்னா அவங்க சொல்றது உண்மைன்னு ஆயிடும்ணே" என்று அவள் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். நோய் போயிற்று. சூடு இந்த முறை போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த விடுப்புகளில் சொல்ல ஒன்றுமில்லை. மூத்தவன் வந்தான், போனான். தொட்டில் கட்ட என்று உத்தரத்தில் அடித்திருந்த கொக்கியில் குடை தொங்கியது. அப்பா காலமானார். அவர் கடைசிவரை மருமகளிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. வேறு சொல்லும் சொன்னதில்லை. ஆலையில் தானே எண்ணெய் தடவிக்கொள்ளும் அச்சு வந்தது. மூத்தவன் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். வந்த வாரமே யாரிடமும் கேட்காமல் மைத்துனன் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனான். கோப்பையைக் கையில் வாங்கினான். காருக்குள் காத்திருந்த மைத்துனன் அன்று ஒரு கேலியும் பேசவில்லை. உயிரணு எண்ணிக்கை மிகக் குறைவு, இருப்பவற்றுக்கும் ஓட்டம் இல்லை என்றார்கள். பழைய தொற்று என்றார்கள். அது எப்படி வரும், யாரிடமிருந்து யாருக்குப் போகும், ஏன் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதையெல்லாம் ஒரு செவிலி படம் போட்டுக் காட்டினாள். தலையில் நரை விழுந்த பிறகு அவன் அதைத் தெரிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து மருமகளின் எதிரே தரையில் உட்கார்ந்தான். "அந்தம்மா சொன்னதுதான் சரியாமே" என்றான்.

அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "இவங்க உலையப் பாத்திருக்காங்களான்னு கேட்டீங்களா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை அவன் கடைசிவரை தனியாகச் சாப்பிட்டான். ஒவ்வொன்றும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. முடிந்த அன்று அம்மா கொடுத்த டம்ளரைக் கையில் வாங்கினான். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

வீட்டின் முன் அறையில் இப்போது சலவைத் துணிக்குத் தேய்ப்புக் கடை. மூத்தவன் தண்ணீர் தெளித்துக் கொடுப்பான். மருமகள் வெறும் உள்ளங்கையால் தேய்ப்பாள். கரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். எப்படித் தேய்க்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. நாளைக் காலைக்குள் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடச் சட்டைகள். மிகச் சிறிய சட்டை வந்தால் அதன் கழுத்துப்பட்டியில் அவள் கை சற்று அதிக நேரம் நிற்கும். ஆனால் ஒன்றையும் கருக்கியதில்லை. வெளிநாடு கிளம்பும் ஆட்கள் பயணச் சட்டையோடு வரும்போது மூத்தவன், "சோத்தப் பங்கு வை, மாத்திரையப் பங்கு வைக்காத" என்பான். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவள் இந்த வீட்டுக்கு வரும்போதே அந்தச் சூட்டோடுதான் வந்தாள், அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்று தெருவில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவன் முதல் விடுப்பில் வந்த அன்று டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அவள் கையில் இருந்தவரை தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.