தைத்து மூடிய பேட்டரி

கோவை விமான நிலையத்தின் சோதனை வரிசையில் நின்றபோது அருண்பாண்டிக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது. இருக்காதா பின்னே? விளாத்திகுளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து, நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லராக உட்கார்ந்தவன், முதலாளி பிரபாகரோடு ஜெர்மனிக்குப் போகிறான். சாம்பிளை ஆளுக்குப் போட்டுப் பார்த்து அங்கேயே அளவு திருத்தித் தர, தைத்தவனே வந்தால் நல்லது என்று வாங்குகிற கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதால் கூட்டிப் போகிறார் பிரபாகர். நம் ஆள் அதை முதலாளியின் பிரியம் என்று எடுத்துக்கொண்டான். அவன் மனைவி நாகஜோதி தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். வெறுங்கையோடும் வெறும் முகத்தோடும் அந்தத் தெருவுக்குத் திரும்ப முடியாது.

சாம்பிள் என்பது ஒரு ஹீட்டர் பனியன். குளிர்நாட்டுக்காரர்களுக்கானது. துணிக்குள் மெல்லிய ஒயர் ஓடும், உள்பாக்கெட்டில் பேட்டரி, பொத்தானை அமுக்கினால் முதுகு சூடாகும். போன வாரம் ஒத்திகை பார்த்தபோது பேட்டரி நழுவித் தரையில் விழுந்தது. வாங்க வருகிறவர்கள் சாம்பிளை உதறிப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் விழுந்தால் கதை கந்தல். "பாக்கெட்ட மூடித் தெச்சுரு. உசுரே போனாலும் பேட்டரி வெளிய வரக்கூடாது" என்றார் பிரபாகர். அருண்பாண்டி சுற்றிலும் இரட்டைத் தையல் ஓட்டி, நாலு மூலைக்கும் பார்டாக் அடித்தான். பார்டாக் என்றால் துணி கிழிந்தாலும் தான் விடாத தையல். விசுவாசத்தைக் காட்ட அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

பெட்டியில் போடாமல் கையிலேயே எடுத்து வந்த அந்தப் பனியன் எந்திரத்துக்குள் போனது. பெல்ட் நின்றது. திரையில் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரு மேல்சட்டை, அதன் முதுகு முழுக்க ஒயர், இடுப்பில் தைத்து மூடிய பேட்டரி. நாலு பேர் வந்துவிட்டார்கள். பின்னால் நின்ற பயணிகள் தாமாகவே விலகினார்கள்.

யாருடையது என்று அதிகாரி இந்தியிலும் அரைகுறைத் தமிழிலுமாகக் கேட்டார். கம்பெனியில் பீகார்க்காரர்களோடு பழகியதில் அருண்பாண்டிக்கு இந்தி புரியும். அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். பிரபாகர் கூசாமல் விரலை நீட்டினார்.

"இவன் தெச்சதுங்க சார். உள்ள என்ன வெச்சுத் தெச்சான்னு எனக்குத் தெரியாதுங்க."

"மொதலாளி, நீங்கதான..." என்று தொடங்கியவனை ஒரே பார்வையில் அடக்கிவிட்டார். கோபம் பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு.

கேள்விகள் முடிந்து, அது குளிருக்குப் போடுகிற சட்டைதான் என்று அதிகாரி நம்பினார். ஆனால் பேட்டரியின் சக்தி அதன் மேல் அச்சடித்திருக்கும், அதைக் கண்ணால் பார்க்காமல் அனுப்ப முடியாது, வெளியே எடு அல்லது பனியனை விட்டுவிட்டுப் போ என்றார். அருண்பாண்டி கத்திரி கேட்டான். பயணியின் கையில் கத்திரி தருவதற்கில்லையாம். வேண்டுமானால் நான் வெட்டித் தருகிறேன் என்றார். பிரபாகர் பதறிப்போனார்.

"ஐயோ, வேண்டாமுங்க சார். துணி போயிருமுங்க." பிறகு அருண்பாண்டி பக்கம் திரும்பினார். குரலில் 'ங்க' காணாமல் போயிருந்தது. "பல்லு இருக்குதல்லோ? கடி."

கடித்தான். அத்தனை பேர் பார்க்க, எலும்பு கடிக்கிற நாயைப் போல, தான் போட்ட தையலைத் தானே கடித்தான். வேறு யாராவது தைத்திருந்தால் ரெண்டு கடியில் விட்டிருக்கும். மூன்றாவது மூலையில் ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. "துணி மேல ஒழுக உட்றாத!" என்று பிரபாகர் கத்தினார். ரத்தத்தை விழுங்கிக்கொண்டே நாலாவது மூலையையும் பிரித்தான்.

பேட்டரி வெளியே வந்தது. அதிகாரி எழுத்தைப் படித்து, கையில் தனியாகக் கொண்டுபோகலாம் என்று தலையசைத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் பனியனைத் தைத்தவன் என்பதால் அருண்பாண்டியின் பையை இன்னொரு முறை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று நிறுத்தினார்கள்.

பிரபாகர் பனியனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாக்கெட்டோரம் ஒரு சிவப்புப் பொட்டு. "கறை பண்ணிப்புட்ட. அங்கயே ஒரு டெய்லரப் புடிச்சிருந்தா இந்த வம்பே இல்ல" என்று முனகினார். பிறகு ஏனோ குரல் இறங்கியது. "செரி, நா முன்னால போறேன். நீ முடிச்சுப்போட்டு வாய கழுவீட்டு வா கண்ணு. ஏறற எடத்துல சொல்லி வெக்கறேன்."

கண்ணு என்றார்! அந்த ஒரு சொல்லில் அருண்பாண்டிக்குக் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. ஆயிரம் இருந்தாலும் நம் முதலாளி என்று நினைத்தான். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பதை இவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

பையைத் துழாவி முடித்துக் கொடுத்தார்கள். வாயைக் கழுவிக்கொண்டு, ஷூவின் கயிற்றைக்கூடக் கட்டாமல் ஓடினான். விமானம் ஏறும் வாசலின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. விமானம் வெளியே இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அவன் பயணச் சீட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தாள்.

"அருண்பாண்டிங்களா? கதவ மூடிட்டமுங்க."

"எங்க மொதலாளி சொல்லியிருப்பாரே மேடம், ஆள் வந்துக்கிட்டு இருக்குன்னு."

"அவருகிட்டத்தானுங்க கேட்டோம். இன்னொருத்தர் பேரும் சேர்ந்து இருக்குது, கொஞ்ச நேரம் பார்க்கலாமான்னு." அவள் குரலைத் தணித்தாள். "அவன் வரலீங்க, ஒடம்புக்கு முடியாம ஊட்டுக்குப் போயிட்டான்னு சொன்னாருங்க."

அருண்பாண்டி சீட்டை அவள் பக்கம் மறுபடியும் நீட்டினான்.

"நான் வீட்டுக்குப் போகலையே மேடம். இந்தா, இங்கனதான நிக்கேன்."