முதல் தோழனின் குவளை

எங்கள் ஊரில் மீனவன் கல்யாணம் என்றால் ஜூலையில்தான். சிங்கி இறால் பிடிக்கத் தடை இருக்கும் மாதம் அது. படகுகள் கரையேறிக் கிடக்கும், குளிர்கால மழை விடாது, புதுச் சட்டையோடு சேற்றில் நடக்க வேண்டும். நானும் லினெட்டும் அப்படி ஒரு ஜூலையில் நாள் குறித்தோம். மண்டபம், கேக், பாதிரியார் எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டாள். எனக்கு விட்டது ஒரே ஒரு வேலை. என் பக்கத்தில் நிற்கப்போகும் மூன்று மாப்பிள்ளைத் தோழர்களுக்கும் வழக்கப்படி பரிசு வாங்குவது. அதைச் செய்து முடிப்பதற்குள் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

இரண்டு பேரால் தொல்லையில்லை. லினெட்டின் அண்ணன் ஸ்டூவர்ட் அடிலெய்டில் வங்கி வேலையில் இருந்தான். எதைக் கொடுத்தாலும் மரியாதையாக வாங்கி அலமாரியில் வைப்பான். கறிக்கடை பார்னி என்னோடு கால்பந்து ஆடியவன். எதைக் கொடுத்தாலும் சிரிப்பான். மூன்றாவது ஆள் கிளைவ். அவன்தான் முதல் தோழன், மாப்பிள்ளைக்கு மிக அருகில் நிற்பவன்.

அந்த இடத்தில் என் தம்பி டாரில் நிற்க வேண்டியது. இரண்டு வருடத்துக்கு முன், கடலில் இறால் கூடு இறக்கும்போது கயிறு அவன் காலைச் சுற்றிக் கூட்டோடு சேர்த்து அவனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. படகில் கூட இருந்தவன் கிளைவ் மட்டும்தான். அவன்தான் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சைத் திருப்பிப் போட்டு டாரிலை மேலே கொண்டுவந்தான். வந்தபோது உயிர் இல்லை. யார் மேலும் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதைக் கிளைவிடம் நான் சொன்னதில்லை. எங்கள் ஊர் ஆண்கள் காற்றைப் பற்றிப் பேசுவார்கள், டீசல் விலையைப் பற்றிப் பேசுவார்கள். மற்றதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்வோம்.

கிளைவ் அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. துறைமுகக் கிடங்கில் மற்றவர்கள் பிடித்துவரும் இறாலைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனான். டாரிலின் இடத்தில் நிற்கிறாயா என்று அவனிடம் கேட்டபோதுகூட, நான் என் படகின் அடியைச் சுரண்டிக்கொண்டேதான் கேட்டேன். சரி என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வருவானா, அல்லது அன்று காலையில் ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்கிவிடுவானா என்று எனக்குப் பயமாகவே இருந்தது. அதனால்தான் அந்தப் பரிசு முக்கியமாகிவிட்டது. உன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை அந்தப் பொருள் எனக்குப் பதிலாகச் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு பொருள் எந்தக் கடையில் விற்கிறது? சனிக்கிழமைதோறும் பக்கத்து நகரமான மவுண்ட் காம்பியருக்கு வண்டியை ஓட்டினேன். ஆண்களுக்கான பரிசு என்று ஒரு கண்ணாடி அலமாரி எல்லாக் கடையிலும் இருந்தது, எல்லாவற்றிலும் அதே சாமான்கள். கத்தி. கயிற்றை அறுக்க நேரமில்லாமல் போனவனுக்குக் கத்தியா? கைக்கடிகாரம். வின்ச் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்று தினமும் பார்த்துக்கொள்வதற்கா? சட்டைக்கைப் பொத்தான்கள். அவற்றை மாட்டுகிற சட்டையே அவனிடம் கிடையாது. எந்தப் பொருளை எடுத்தாலும் அது என் வாயில் தப்பான வார்த்தையை வைத்தது. வெறுங்கையோடு திரும்பி வந்து, கேட்ட லினெட்டிடம் எரிந்து விழுவேன்.

கடைசியில் நகைக்கடை திருமதி பாஸ்கோதான் வெள்ளீயக் குவளைகளை எடுத்து வைத்தார். கைப்பிடி போட்ட பீர் குவளை, பக்கத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள்.

"இதை எடுத்துட்டுப் போப்பா. இந்தப் பக்கத்துல கல்யாணம் கட்டின ஆம்பளைங்க எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போயிருக்காங்க."

அதுதானே என் பிரச்சினை என்று சொன்னேன். என்ன எழுத வேண்டும் என்று சீட்டும் பென்சிலும் கொடுத்தார். எனக்குப் பின்னால் மோதிரம் பார்க்க வந்த ஒரு ஜோடி காத்துக்கொண்டிருந்தது. 'டாரிலின் நண்பன்' என்று எழுதி அடித்தேன். வேறு ஏதோ எழுதி அதையும் அடித்தேன். முடிவில் அவரவர் பெயர், கிளைவுக்கு மட்டும் கீழே 'முதல் தோழன்'. அவ்வளவுதான் எனக்கு வந்தது.

கல்யாண வாரத்தில் குவளைகள் தயாராகிவிட்டன. வாங்கிக்கொண்டு நேராக லினெட் வேலை பார்க்கும் மதுக்கடைக்குப் போனேன். இன்னும் கடை திறக்கவில்லை, அவள் மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாரம் இறங்கிய சந்தோஷத்தில் பெட்டிகளைத் திறந்து வைத்தேன். அவள் கிளைவின் குவளையை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல அவன் எதை ஊத்திக் குடிப்பான்?"

"பீர்தான். வேற எதை?"

"அவன் குடிக்கிறதில்ல ராஸ்."

"வெள்ளிக்கிழமை ஆனா என் பக்கத்துல நின்னு ரம்மும் கோலாவும் குடிக்கிறான். போன வாரம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

"நீ ரம்முக்குக் காசு கொடுத்த. நான் வெறும் கோலாவைத்தான் ஊத்தினேன். மிச்சம் அதோ அந்த டப்பாவுல கிடக்கு." கடல் மீட்புப் படைக்காக வைத்திருந்த உண்டியலைக் காட்டினாள்.

விபத்துக்கு முந்தின மாலை டாரிலும் கிளைவும் அங்கேதான் குடித்துக்கொண்டிருந்தார்களாம். விடிந்த பிறகும் தன் கை மந்தமாக இருந்தது, இல்லையென்றால் வின்ச்சை இன்னும் சீக்கிரம் திருப்பியிருப்பேன் என்று கிளைவ் நம்புகிறானாம். டாரிலை அடக்கம் செய்த அன்று அவளிடம் வந்து, இனிமேல் எனக்கு ஊற்றாதே, யாருக்கும் தெரியவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டானாம். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"அது நான் சொல்ற விஷயமில்ல. உன் தோள் இடிக்கிற தூரத்துலதான அவன் நிக்கிறான். நீ பாத்திருக்கலாமே."

 உன் மேல் குறையில்லை என்று சொல்லப் போனவன், குடிதான்டா என் தம்பியைக் கொன்றது என்று எழுதாத குறையாக ஒரு பீர் குவளையை வாங்கி வந்திருந்தேன். பெயர் வெட்டிய சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். மழையில் மறுபடி நகரத்துக்கு ஓடி, மறுபடி அதே அலமாரிகள் முன்னால் நின்று, மறுபடி வெறுங்கையோடு வந்தேன். குவளையை ஒரு சாக்கில் சுற்றி வண்டி சீட்டுக்கு அடியில் செருகினேன்.

கல்யாணத்தன்று காலை கறிக்கடைக்குப் பின்னால் இருந்த பார்னியின் வீட்டில் நாங்கள் நால்வரும் உடுத்திக்கொண்டிருந்தோம். கிளைவ் வந்துவிட்டான், அதுவே எனக்குப் போதுமென்றிருந்தது. ஸ்டூவர்ட்டும் பார்னியும் தங்கள் குவளைகளை எடுத்துக் காட்டிக்கொண்டார்கள். கிளைவ் எதுவும் கேட்கவில்லை. அவனுடையது பிறகு வரும் என்று நான் முணுமுணுத்தேன். குடை எடுக்க என் வண்டிக்குப் போன பார்னி சாக்கோடு திரும்பி வந்தான்.

"ஏன் மாப்ள, கிளைவோடதை வண்டியிலேயே மறந்துட்டியே. பொண்ணையாவது ஞாபகம் இருக்கா?"

நான் இரண்டாவது ஷூவை மாட்டுவதற்குள் குவளை கிளைவின் கைக்குப் போய்விட்டது. பெயரைப் படித்தான். கீழே இருந்ததையும் படித்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லி மேஜையில் வைத்துவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே போனான். நான் ஒற்றை ஷூவோடு பின்னாலேயே போனேன். தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக நின்றுகொண்டிருந்தான்.

"லினெட் சொல்லிட்டாளா?" என்றான்.

"குவளையைப் பாத்தப்புறம்தான் சொன்னா. அதுக்குள்ள பேர் வெட்டியாச்சு. தெரிஞ்சதும் ஒளிச்சு வெச்சேன். இந்த மூதேவி எடுத்துட்டு வந்துட்டான்."

"ரெண்டு வருஷமா நீ ஒண்ணுமே சொல்லல. அதான், எல்லாத்தையும் இதுல சொல்லிட்டன்னு நினைச்சேன்."

"உன் மேல எனக்கு ஒண்ணுமில்லடா. என்னிக்கும் இருந்ததில்ல. அதைச் சொல்றதுக்குத்தான் கடை கடையா ஏறி இறங்கினேன்."

"அதைச் சொல்றதுக்கு எதுக்குக் கடைக்குப் போன?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. காலுறை நனைந்து பாதம் விறைத்துக்கொண்டிருந்தது.

"என் கை மந்தமா இருந்துச்சு ராஸ்."

"இருந்திருக்கலாம். ஆனா அவனை மேல கொண்டுவந்தது அந்தக் கைதான். எங்கம்மாவுக்குப் புதைக்கிறதுக்கு ஒரு உடம்பாவது கிடைச்சுது. இந்த ஊர்ல எத்தனை வீட்டுக்கு அதுகூட வரல, உனக்குத் தெரியாதா?"

 தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். ஒரு காலோடு கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாயா என்று உள்ளேயிருந்து பார்னி குரல் கொடுத்தான். கிளைவ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனான். கெட்டிலைப் போட்டு, தேநீர் கலந்து, நேராக அந்தக் குவளையில் ஊற்றினான்.

"அது பீருக்குடா, பாவி," என்றான் பார்னி.

"நான் குடிக்கிறதில்ல பார்னி. ரெண்டு வருஷமாச்சு."

பார்னி என்னைப் பார்த்தான், ஸ்டூவர்ட்டைப் பார்த்தான்.  பிறகு அலமாரியைத் திறந்தான்.

"சர்க்கரை எத்தனை?"

அன்று மாலை மண்டபத்தில், வர முடியாமல் போனவர்களை நினைத்துக் குவளையை உயர்த்திக் குடிக்கும் நேரம் வந்தபோது கிளைவ் அந்தக் குவளையில் தேநீரோடு எழுந்து நின்று, "டாரிலுக்கு" என்றான். அந்தப் பெயரை அவன் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது இரண்டு வருடத்தில் அதுதான் முதல் முறை.

இப்போது நான் கிழவன். லினெட் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. போன குளிர்காலத்தில் கிளைவும் போய்விட்டான். அவன் மகள் குவளையைக் கொண்டுவந்து கொடுத்தாள். எவ்வளவு தேய்த்தும் உள்ளே இருக்கும் கறை போகவில்லை என்று வருத்தப்பட்டாள். உள்பக்கம் முழுக்கத் தேயிலைக் கறுப்பு. நேற்று அதில் எனக்குத் தேநீர் ஊற்றி, கைப்பிடியைத் தொட்டதும் கீழே வைத்துவிட்டேன். அப்படிச் சுடுகிறது. இத்தனை வருடம் அதில் குடித்தவன், ஒரு நாளாவது அதைச் சொல்லியிருக்கலாம்.