படுத்தே வளரும் மரம்

1

இந்தக் கதை வாய் தவறிக் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. பால்கனிக்குச் செடி வாங்க ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போயிருந்தேன். பசுமைக் குடிலின் கடைசி வரிசைத் தொட்டிகளில் கன்றுகள் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன.

"ஏன் எல்லாம் படுத்திருக்கு?" என்றேன்.

பண்ணைக்காரி தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டாள். "அந்த மனுஷனைக் கேளுங்க" என்று கணவரைக் காட்டினாள்.

செடி வாங்கவில்லை. கதையோடு வீட்டுக்கு வந்தேன். மேசையில் வைத்ததும் அதுவும் படுத்துக்கொண்டது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அடர்ந்த மழைக்காட்டின் மௌனத்தில்... (காடே கிடையாது. பண்ணைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஒற்றை மரம். நிலத்தோடு சேர்ந்து வந்தது.)

அந்த மரத்தை அவள் ஒரு குழந்தையைப் போல... (பண்ணைக்காரியிடம் படித்துக் காட்டினேன். "எனக்கு ரெண்டு இருக்கு, போதும்" என்றாள்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். மழைக்காட்டு மரம். இந்த வகையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. இவளுடையது பெண். ஆணோ பெண்ணோ, வேறு மரமே எங்கும் மிச்சமில்லை என்று தேடிப்போனவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆகவே பூக்கும், காய்க்காது. தண்டை வெட்டி நட்டுத்தான் கன்று எடுக்க வேண்டும்.

அதிலும் ஒரு பிடிவாதம். உச்சித் தளிரை நட்டால் நிமிர்ந்து மரமாகும். பக்கக் கிளையை நட்டாலும் வேர் விடும், தழைக்கும். ஆனால் கடைசிவரை தன்னைக் கிளை என்றே நினைத்துக்கொண்டு படுத்தபடி வளரும்.*

* 'நினைத்துக்கொண்டு' என் சொல். பண்ணைக்காரி சொன்னது: "அதுக்குப் புத்தி அவ்வளவுதான்."

3

அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம் கணவர் தானே தண்டு வெட்டி, தொட்டிகளில் நட்டும் வைத்துவிட்டார்.

"எல்லாம் உச்சியிலேருந்தா? ஒரு மரத்துக்கு எத்தனைங்க உச்சி?"

"கீழேருந்து பாத்தா ஒண்ணுதான் தெரியும். மேல போனா நெறைய இருக்கு."

அவளும் மேலே போனதில்லை. நம்பினாள். கன்றுகள் வேர் விட்டன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. ஏணியில எதுவரைக்கும் போனீங்க?"

"ஏணி எதுக்கு? கைக்கே எட்டுச்சு."

(முதல் வரைவில் இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வில்லனுக்கு ஒரு திட்டமாவது வேண்டும். இவருக்கு உயரம் ஆகாது, அவ்வளவுதான்.)

4

உச்சி ஒன்றே ஒன்று. இப்போது தளிர் விட்டிருக்கிறது. இந்த வாரம் தாண்டினால் முற்றிவிடும். முற்றினால் வேர் பிடிக்காது. வெட்டி நட்டால், ஒருவேளை, நிமிர்ந்து நிற்கும் இன்னொரு மரம். நட்டது அழுகினால்? வெட்டிய இடத்தில் மழைநீர் இறங்கித் தாய்மரமும் உள்ளே அழுகினால்? வெட்டாவிட்டால் இன்றைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என்றைக்காவது மரம் விழும். அத்தோடு வகையே தீர்ந்தது.

முடிவு அ: வெட்டினாள். வேர் விட்டது. கணவரின் கண்கள் கலங்... (கலங்காது. "நான் அப்பவே சொன்னேன்" என்பார்.)

முடிவு ஆ: நட்டதும் தாய்மரமும் இரண்டுமே பட்டுப்போயின. அவள் வெறும் தொட்டியையே... (ஃபோனில் படித்தேன். "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று வைத்துவிட்டாள்.)

முடிவு இ: வெட்ட மனமின்றி இறங்கினாள். (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அவளோ, "வெட்டாம வர்றதுக்கு நான் எதுக்கு ஏறணும்?" என்கிறாள்.)

எனக்குத் தலை வலிக்கிறது.

5

ஆகவே அவளை ஏணியின் கடைசிப் படியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். கத்தி உச்சித் தளிருக்குக் கீழே சாய்வாக இருக்கிறது. ஏணியைக் கணவர் பிடித்திருக்கிறார், கண்ணைத் திறக்கவில்லை.

"வெட்டவா, வேணாமா?"

"என்னை ஏன் கேக்குற? எழுதுறவங்களைக் கேளு."

"அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு ரோஜாச்செடி வளர்த்திருப்பாங்களா?"

வளர்த்ததில்லை. உச்சியைப் பற்றியும் கிளையைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். இனி நீங்கள் சொல்வதுதான். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுத வந்தேன். அதற்குள் மேலிருந்து குரல்:

"யாரா இருந்தாலும் சட்டுனு சொல்லுங்க! கீழ உக்காந்து யோசிக்கிறவங்களுக்கு என்ன, இங்க எறும்பு கடிக்குது!"